கல்லாச் சாவி யாரிடம் இருக்கிறது?



ஒரகடம் கூட்டுரோட்டில், வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும் சிங்கபெருமாள்கோவில் – ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் இடத்துக்கு அருகில் எனது மொத்த மளிகைக் கடை இருக்கிறது. இரவு பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்க்காமல் நான் வீட்டுக்குப் போனதில்லை. அப்படிப்பட்ட நான், 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது, பதிவுக்கு வரி ஆலோசகரின் கைப்பேசி எண்ணையும் அவருடைய மின்னஞ்சலையுமே கொடுத்தேன். பாஸ்வேர்டையும் அவரே போட்டார். என்னவென்று நான் கேட்கவும் இல்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் அவர் திடீரெனப் படுத்த படுக்கையாகிவிட்டார். 20ஆம் தேதிக்குள் 3பி ரிட்டர்ன் போட வேண்டும். ஓ.டி.பி.யோ பூட்டிக் கிடக்கும் அவருடைய போனுக்குப் போகிறது. தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு 50 ரூபாய். வரிப் பாக்கிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி வேறு. உரிய ஆவணங்களோடு வரி அதிகாரியிடம் மனுக் கொடுத்து, என் எண்ணும் மின்னஞ்சலும் பதிவில் ஏறிய பிறகே கணக்கு என் கைக்கு வந்தது. ஆலோசகர் தங்கமான மனிதர். வேறு ஒருவராக இருந்தால் என் பெயரில் போலி பில் போட்டு ரிட்டர்னில் ஏற்றியிருக்கலாம். நோட்டீஸ் எனக்குத்தான் வந்திருக்கும்.

ஆகவே, உங்கள் பதிவில் யாருடைய எண் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். பாஸ்வேர்டு எவ்வளவு பலமானது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

கடைப் பெயரோடு 123 சேர்ப்பது நம்மவர் வழக்கம். பெயர்ப்பலகையில் எழுதியதையே சாவியாக்குவது சரியா? 2009இல் ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்திலிருந்து சுமார் 3.2 கோடி பாஸ்வேர்டுகள் திருடு போயின. அவற்றில் மிக அதிகம் பேர் வைத்திருந்தது 123456. இப்படிச் சிக்கும் பட்டியலைக் கொண்டுதான் திருடர்கள் மற்ற கணக்குகளையும் திறந்து பார்க்கிறார்கள். எனவே பாங்கிக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று, ஜி.எஸ்.டி.க்கு ஒன்று என்று தனித்தனியே இருக்க வேண்டும். மற்ற பாஸ்வேர்டுகளை மாற்றும் வழி மின்னஞ்சல்தான். அதற்கு இருப்பதிலேயே நீளமானதை வையுங்கள். சம்பந்தமில்லாத நாலு சொற்களைக் கோத்தால் போதும்: கடுகு, ஏணி, பம்பரம், சனிக்கிழமை என்பது போல. அச்சில் வந்துவிட்ட இதையே வைத்துவிடாதீர்கள்!

ஜி.எஸ்.டி. தளத்தில் 8 முதல் 15 எழுத்துக்குள்தான் அடங்க வேண்டும். எண்ணும் குறியீடும் கட்டாயம். அதற்கு, "நம் பெரியம்மா தோட்டத்தில் 7 பசு மாடு கட்டினோம்" என்பதுபோல் உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு வாக்கியத்தை எடுத்து, ஒவ்வொரு சொல்லிலும் முதல் இரண்டு ஆங்கில எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைப் பெரிய எழுத்தாக்கி, நடுவில் ஒரு குறியீடு போட்டால் 14 எழுத்து வந்துவிடும்.

மறந்துபோகும் என்றால் நோட்டில் எழுதி இரும்புப் பெட்டியில் வையுங்கள். எழுதவே கூடாது என்பாரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வெளியூரில் இருக்கும் திருடன் நம் இரும்புப் பெட்டியைத் திறக்கப் போவதில்லை. பில் போடும் கம்ப்யூட்டரில் சீட்டு எழுதி ஒட்டுவதுதான் ஆபத்து.

பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்குப் போன் செய்யுங்கள். அந்த எண்ணை என் கல்லாவுக்கு மேல் எழுதி ஒட்டியிருக்கிறேன்.