உயிரோடு குப்பைக்குப் போகும் துறவி நண்டு! "செத்துப்போச்சு" என்று வீசுகிறார்கள்

"கூண்டு வாங்கினால் நண்டு இலவசம்!"

அமெரிக்காவில் நியூஜெர்சி, மேரிலாண்ட் மாநிலங்களின் கடற்கரைக் கடைகளில் இப்படித்தான் வியாபாரம் நடக்கிறது. நண்டு என்றதும் குழம்பு ஞாபகம் வரவேண்டாம். இது வளர்ப்பதற்கு!

முதுகில் சங்கைச் சுமந்து நடக்கும் துறவி நண்டை அங்கே பிள்ளைகள் ஆசை ஆசையாக வாங்கிப் போகிறார்கள். நன்றாக வைத்துக்கொண்டால் 30 ஆண்டுக்கு மேலும் வாழக்கூடிய பிராணி இது. ஆனால் பல வீடுகளில் சில மாதங்களிலேயே கதை முடிந்துவிடுகிறது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

பேர்தான் துறவி. வீட்டு ஆசை மட்டும் விடாது! இந்த நண்டுக்கு முன்பாதியில்தான் கெட்டியான ஓடு. பின்பாதி மெத்தென்று இருக்கும். பறவை கொத்தினால் போச்சு. அதனால் நத்தை செத்து காலியாகக் கிடக்கும் சங்குக்குள் உடம்பை நுழைத்துக்கொள்கிறது. ஆபத்து வந்தால் உள்ளே போய், பெரிய இடது கொடுக்கால் வாசலை அடைத்துவிடும்.

உடம்பு வளரும், சங்கு வளருமா? பெரிய வீடு தேட வேண்டியதுதான். கரீபியன் தீவுகளின் கரையில் ஒரு நல்ல சங்கு ஒதுங்கினால் நண்டுகள் கூடிவிடும். பெரிசு முதல் சிறிசு வரை அளவு வாரியாக 'கியூ' நிற்கும். முதல் நண்டு புதுச் சங்கில் குடியேறியதும், அது காலி செய்த சங்கில் அடுத்தது புகும். அதன் சங்கில் அதற்கும் அடுத்தது. அட்வான்ஸ் கிடையாது, புரோக்கர் கமிஷன் கிடையாது!

வீட்டில் வளர்ப்பவர்கள் இதற்காகவே பல அளவில் காலிச் சங்குகளைப் போட்டு வைக்கவேண்டும். கடையில் கிடைக்கும் கலர் பெயிண்ட் அடித்த சங்கு ஆகாது. பெயிண்ட் உதிர்ந்து வயிற்றுக்குள் போய்விடும்.

கூண்டே எமன்

இலவச நண்டுக்காகக் காசு கொடுத்து வாங்கிய கம்பிக் கூண்டு இருக்கிறதே, அதுதான் எமன். தரையில் வாழ்ந்தாலும் இந்த நண்டு செவுளால்தான் சுவாசிக்கிறது. செவுள் காய்ந்தால் மூச்சு முட்டும். கூண்டில் காற்றின் ஈரம் நிற்காது. நண்டு ஒரே நாளில் சாகாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது. வீட்டுக்காரர்களுக்குக் காரணமே தெரிவதில்லை.

மூடி போட்ட கண்ணாடித் தொட்டிதான் சரி. உள்ளே ஈரப்பதம் சுமார் 80 சதவீதம் வேண்டும். அடைமழைக் காலத்துச் சென்னை மாதிரி! குளோரின் நீக்கிய நல்ல தண்ணீர் ஒரு கிண்ணம், உப்புத் தண்ணீர் ஒரு கிண்ணம். சமையல் உப்பு கூடாது. மீன் தொட்டிக்கென்று விற்கும் கடலுப்புதான் போடவேண்டும். சாப்பாட்டு விஷயத்தில் தொல்லை இல்லை. தேங்காய், பழம், மீன் எல்லாம் தின்னும்.

மணலுக்குள் மாயம்

வளரும் நண்டு பழைய தோலைக் கழற்றியாகவேண்டும். அதற்காக ஈர மணலைத் தோண்டி அடியில் போய்ப் படுத்துவிடும். சிறிசு சில வாரம், பெரிசு இரண்டு மாதம்கூட வெளியே தலைகாட்டாது. மணல் அரை அடி ஆழமாவது இருக்கவேண்டும். பல வீடுகளில் ஒரு பிடிக் கூழாங்கல்தான் கிடக்கிறது!

ஒளிய இடம் கிடைக்காத நண்டு மேலேயே தோல் உரிக்கிறது. கால், கண், மீசை எல்லாம் அச்சு அசலாகத் தனியே கிடக்கும். "அம்மா, நண்டு செத்துப்போச்சு!" என்று பிள்ளை அழும். தாயும் அள்ளிக் குப்பையில் போட்டுவிடுவாள். சங்குக்குள் நண்டு உயிரோடு இருக்கும்!

விஷயம் தெரிந்தவர்கள் மோந்து பார்க்கிறார்கள். செத்த நண்டு என்றால் அழுகல் நாற்றம் குடலைப் பிடுங்கும். நாற்றம் இல்லையா, தொடாமல் விட்டுவிட வேண்டும். கழற்றிய தோலையும் எடுக்கக்கூடாது. அதைத் தின்றுதான் நண்டு புது ஓட்டைக் கெட்டியாக்கிக்கொள்கிறது.

முட்டையிலிருந்து வரும் குஞ்சுகள் கடலில் மிதந்து வளர்பவை. வீட்டில் குஞ்சு பொரிக்க வைப்பது ரொம்ப அபூர்வம். ஆகவே கடைக்கு வரும் நண்டெல்லாம் தீவுகளில் பிடித்து வந்தவைதான். குப்பைக்குப் போகும் ஒவ்வொன்றுக்கும் பதிலாக அங்கிருந்து இன்னொன்று பிடிபடுகிறது. ஜப்பானில் 1970ஆம் ஆண்டிலேயே நிலத்துத் துறவி நண்டுகளை இயற்கைச் சின்னம் என்று அறிவித்துவிட்டார்கள். அனுமதி இல்லாமல் அங்கே ஒன்றைக்கூடப் பிடிக்க முடியாது.

மெரினாவில் வலையோடு வந்து விழும் சின்னச் சங்கு நண்டுகள் வேறு ஜாதி. கடல் தண்ணீரிலேயே கிடப்பவை. குழாய்த் தண்ணீர் பாட்டிலில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனால் பிழைக்காது.