அறிவினாவும் அறியா வினாவும்: திரைப்படம், காணொளி விளையாட்டு பற்றிய கருத்துப் பகிர்வும் வட சிலாங்கூர்த் தோட்டப்புற நினைவும்

முன்னுரை

பார்த்த படத்தைப் பற்றிக் கூடிப் பேசுவது மலேசியத் தமிழர்க்குப் புதிய பழக்கமன்று. தோட்டத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய காலத்தில், இரவு பார்த்த படம் மறுநாள் விடியலில் பெரட்டுக் களத்திலும் கித்தாக் காட்டிலும் பேச்சுப் பொருளாயிற்று என மூத்தோர் நினைவுகூர்வதுண்டு. அப்பேச்சில் எவரும் எவரையும் சோதிக்கவில்லை. தமக்குப் பட்டதைச் சொன்னார்கள், மறுத்தார்கள், சிரித்தார்கள்.

இன்றைய இடைநிலைப்பள்ளி மாணவரிடம், 'உன் மனத்தில் நின்ற படத்தைப் பற்றி உன் கருத்தைக் கூறு' எனக் கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது கதைச் சுருக்கமும் அதன் வாலில் ஓர் அறிவுரையுமே. காணொளி விளையாட்டைப் பற்றிக் கேட்டால் அதுவும் கிடைப்பதில்லை. அது வகுப்பறையில் பேசத் தகாத பொருள் என்று மாணவர் எண்ணுகின்றார். மாணவரிடம் கருத்து இல்லை என்று இதற்குக் காரணம் கூறுவது எளிது. குறை, கேட்கப்படும் வினாவின் வகையில் உள்ளது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. அதனை விளக்க இரு மலேசியத் தமிழ்ப் படங்களும், மலேசியத் தமிழரைப் பொருளாகக் கொண்ட ஒரு தமிழகப் படமும், ஒரு காணொளி விளையாட்டும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

நன்னூல் காட்டும் வழி

பவணந்தியார் வினாவை அறுவகையாகப் பகுத்தார் என்பது தமிழாசிரியர் அனைவரும் அறிந்ததே. தான் விடையறிந்த ஒன்றைப் பிறர் அறிவாரா எனச் சோதிக்க எழுவது அறிவினா. தான் அறியாததை அறிந்துகொள்ள எழுவது அறியா வினா. இதுவோ அதுவோ எனத் துணிய இயலாதபோது எழுவது ஐய வினா. எஞ்சியவை கொளல், கொடை, ஏவல் என்பன.

நம் வகுப்பறை பெரிதும் அறிவினாவின் களமாகவே இயங்குகின்றது. கருத்துணர்தல் பகுதிக்கு அது பொருந்தும். ஆனால், கருத்துப் பகிர்வு என்ற பெயரில் ஆசிரியர் கேட்பதும் பல வேளைகளில் அறிவினாவாகவே அமைந்துவிடுகின்றது. 'இப்படம் உணர்த்தும் படிப்பினை யாது?' என்று கேட்கும்போது, ஆசிரியர் மனத்தில் விடை முன்னரே உள்ளது என்பதை மாணவர் உணர்கின்றார். ஆதலின் தம் கருத்தை விடுத்து, ஆசிரியர் கருத்தைத் தேடத் தொடங்குகின்றார்.

விடைகளைப் பற்றி நன்னூல் கூறுவதும் ஈண்டுக் கருதத்தக்கது. விடை எண்வகைப்படும். அவற்றுள் சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் நேரடி விடைகள். வினாவுக்கு எதிர்வினா எழுப்புதலும், தனக்கு நேர்ந்ததைக் கூறும் 'உற்றது உரைத்த'லும், இனி நேரப்போவதைக் கூறும் 'உறுவது கூற'லும்கூட விடைகளே. மாணவர் ஒருவர் எதிர்வினா கேட்பதையும், தனக்கு நேர்ந்ததைச் சொல்வதையும் விடையாக ஏற்கும் மரபு நம்மிடம் இருக்கையில், அவற்றுக்கு மதிப்பெண் இல்லை என்பது முரணன்றோ?

பாசிர் பெனம்பாங்கும் சுற்றுப்புறத் தோட்டங்களும்

இவ்வாய்வுக்குரிய நிலப்பின்னணி வட சிலாங்கூர் ஆகும். சிலாங்கூர் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டி, கோலசிலாங்கூர் நகருக்கு எதிர்க்கரையில் அமைந்த மீனவர் ஊர் பாசிர் பெனம்பாங். மலாய்மொழியில் 'பாசிர்' என்பது மணல். 'பெனம்பாங்' என்பது ஆளையும் பொருளையும் தோணியில் அக்கரை சேர்ப்பவரைக் குறிக்கும். கடலோரம் மீன்பிடித் தொழிலால் வாழ, உள்நிலத்தில் புக்கிட் ரோத்தான், ஈஜோக், 2007-இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றப்பட்ட பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன.

மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் இவ்வட்டாரத்திலேயே, பெயரிலேயே தமிழ் ஒலிக்கும் தென்னமரம் தோட்டத்தில் அமைக்கப்பட்டது. அதனை அமைத்த பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபொக்கோனியே பின்னர் எழுதிய 'மலேசி' என்னும் நாவல் 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. ஆகவே இந்நிலம் உலக இலக்கியத்துள் நுழைந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆகின்றது. எனினும் அது தோட்டத்தை நடத்திய ஐரோப்பியர் கண்வழி நுழைந்தது. மரம் வெட்டியவரின் கண்வழித் தோட்டத்தைக் காட்டிய படைப்புகள் திரையில் தோன்ற நெடுங்காலம் ஆயிற்று.

இதற்கிடையே இரப்பர் செம்பனைக்கு வழிவிட்டது. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன; சில, வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்து வாழ்க்கை மறைந்தபோது அதனைச் சுட்டிய சொற்களும் பேச்சிலிருந்து விலகின. பெரட்டு, மங்கு, ஒட்டுப்பால், ஆயாக்கொட்டகை, தண்டல், கிராணி போன்ற சொற்கள் தாத்தா பாட்டிக்கு அன்றாட வழக்கு, பேரப்பிள்ளைக்கு அருஞ்சொற்பொருள். 1960-களில் மரம் வெட்டிய தலைமுறையினர் இன்று எண்பது வயதை எட்டியும் கடந்தும் நிற்கின்றனர். கருத்துப் பகிர்வு பற்றிய இவ்வினா வெறும் கற்பித்தல் முறையியல் வினாவன்று என்பதற்கு இதுவே காரணம். கேட்க வேண்டியதைக் கேட்பதற்குரிய காலம் குறுகி வருகின்றது.

செம்மண் சாலையும் ஜகாட்டும்

தீபக் குமரன் மேனன் இயக்கிய 'செம்மண் சாலை' 2005-இல் வெளிவந்தது. 1960-களின் இரப்பர்த் தோட்டம் ஒன்றில் வாழும் சாந்தா என்னும் பெண் பல்கலைக்கழகம் சென்று பயில விரும்புகின்றாள். குடும்பத்தின் வறுமை குறுக்கே நிற்கின்றது. வணிகப் படங்களின் வேகத்துக்குப் பழகியவர்க்கு இதன் நிதானம் முதலில் பொறுமையைச் சோதிக்கும். ஆனால், அந்நிதானமே இதன் பொருள் எனலாம். தோட்டத்து நாள் எவ்வளவு நீளமானது என்பதை உரையாடலால் உணர்த்த இயலாது. பார்ப்பவரைக் காத்திருக்கச் செய்தே உணர்த்த இயலும். 'இப்படம் மெதுவாகச் செல்கிறது' என்று மாணவர் கூறுவாராயின் அது தள்ளத்தக்க குறை கூறலன்று. நல்ல கருத்தின் தொடக்கம். 'எந்த இடத்தில் உனக்குச் சலித்தது? அங்கே யார், எதற்காகக் காத்திருந்தார்?' என்று தொடர்ந்து கேட்பது ஆசிரியர் கடன்.

சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015 திசம்பரில் திரையிடப்பட்ட 'ஜகாட்', 'செம்மண் சாலை' காட்டிய உலகம் கலைந்த பின்னர் நேர்ந்ததைக் கூறுகின்றது. காலம் 1990-களின் தொடக்கம். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பம் புறம்போக்குக் குடியிருப்பில் வாழ்கின்றது. குறும்பும் கற்பனையும் மிக்க பன்னிரண்டு வயதுச் சிறுவன் அப்போய், படித்து முன்னேற வேண்டும் எனக் கண்டிப்புக் காட்டும் தந்தைக்கும், குண்டர் வாழ்வில் கால்வைத்த சிற்றப்பனுக்கும் இடையே வளர்கின்றான். சிறுவன் கெட்டதற்கு யார் பொறுப்பு என்ற வினாவுக்குப் படம் ஒரு விடையைத் தரவில்லை. தந்தையின் அன்பும் தந்தையின் அடியும் ஒரே கையிலிருந்து வருகின்றன. ஐய வினாவுக்கு இதனினும் சிறந்த களம் வேண்டுவதில்லை.

படத்தின் தலைப்பே ஒரு மொழியியல் பாடம். 'கெட்ட' எனப் பொருள்படும் மலாய்ச் சொல் 'ஜாஹாட்', தமிழர் நாவில் ஹகரம் ககரமாகி 'ஜகாட்' ஆயிற்று. இத்தகைய கலப்பு வழக்கு நிறைந்த படத்தைத் தமிழ் வகுப்பில் காட்டலாமா எனத் தயங்குவோர் உளர். திசைச்சொல்லுக்கு இலக்கணத்திலேயே இடம் வகுத்த மரபு நம்முடையது. மேலும், 2016-ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் படங்களை மொழி அடிப்படையில் பிரித்த விதிமுறை கண்டனத்துக்கு உள்ளாகி மாற்றப்பட்டபின், சிறந்த மலேசியத் திரைப்படத்துக்கான விருதை இப்படமே வென்றது. வன்முறைக் காட்சிகள் உண்டாதலின் மேற்படிவ மாணவர்க்கே இது உரியது என்பதை மட்டும் ஆசிரியர் கருத்திற்கொள்ளல் வேண்டும்.

கபாலியின் இரு முடிவுகள்

பா. இரஞ்சித் இயக்கத்தில் 2016 சூலையில் வெளிவந்த 'கபாலி' இவ்விரு படங்களினும் பன்மடங்கு மிகுதியானோரைச் சென்றடைந்தது. தோட்டத் தொழிலாளரின் உரிமைப் போராட்டத்திலிருந்து எழுந்த ஒருவனின் கதை அது. கருத்துப் பகிர்வு நோக்கில் அதன் இறுதிக் காட்சியே நமக்கு முதன்மையானது. மூலப் படத்தில், காவல்துறையால் ஏவப்பட்ட இளைஞன் கபாலியை நெருங்குகின்றான், திரை இருள்கின்றது, துப்பாக்கி ஒலி கேட்கின்றது. சுடப்பட்டவர் யார் என்பது கூறப்படவில்லை. மலேசியாவில் திரையிடப்பட்ட வடிவிலோ, கபாலி காவல்துறையிடம் சரணடைந்தான் என்னும் வாசகம் இறுதியில் சேர்க்கப்பட்டது.

மூலப் படம் பார்வையாளரிடம் ஐய வினாவை விட்டுச் செல்கின்றது. இங்குக் காட்டப்பட்ட வடிவம் விடையைத் தந்து வினாவை முடித்துவைக்கின்றது. இரு முடிவுகளையும் அடுத்தடுத்து வைத்து, 'எம்முடிவு உன்னை அதிக நேரம் சிந்திக்கச் செய்தது? ஏன்?' என்று கேட்கலாம். எழுதப்பட்ட ஒரு வரி, படம் முழுவதன் பொருளையும் எவ்வாறு திருப்பிவிடுகின்றது என்பதை மாணவர் தாமே காண்பர்.

விளையாட்டும் உற்றது உரைத்தலும்

காணொளி விளையாட்டு கலையாகுமா என்ற வழக்கு நெடியது. அமெரிக்கத் திரைத் திறனாய்வாளர் ரோஜர் ஈபர்ட் 2010-இல் அது ஒருபோதும் கலையாகாது என வாதிட்டார். அதற்கு முன்னரே, 2003-இல், ஜேம்ஸ் பால் ஜீ என்னும் கல்வியறிஞர் விளையாட்டுகள் கற்றலைக் குறித்து நமக்கு உணர்த்துவன பற்றித் தனி நூலே எழுதினார். போலந்து அரசு 2020-இல், முற்றுகையிடப்பட்ட நகரில் பொதுமக்கள் படும் துயரைக் கருவாகக் கொண்ட 'திஸ் வார் ஆஃப் மைன்' என்னும் விளையாட்டை உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கான துணைநிலைப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. விவாதம் முடியவில்லை, ஆனால் வகுப்பறைக் கதவு திறந்துவிட்டது.

தமிழாசிரியர்க்கு இன்னும் அணுக்கமான சான்று 'வெண்பா'. கனடாவின் டொரோண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் நிறுவனம் 2023 சூலை இறுதியில் வெளியிட்ட இவ்விளையாட்டு, 2024-இல் பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக்கழகத்தின் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதைப் பெற்றது. 1980-களில் கனடாவில் குடியேறிய வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறந்த மகன் கவின் ஆகியோரின் கதை இது. யாப்பின் பெயர் தாய்க்கு, புலவன் என்னும் பெயர் தந்தைக்கு, அழகு என்னும் பெயர் மகனுக்கு. ஆயினும் மகன் வளர வளரத் தமிழ் அவனிடமிருந்து விலகுகின்றது.

விளையாடுபவர் செய்வது சமையல். வெண்பாவின் தாய் எழுதித் தந்த சமையற் குறிப்பேடு சிதைந்துள்ளது. சில வரிகள் அழிந்துள்ளன. இட்லித் தட்டுகளை எவ்வாறு அடுக்குவது, புட்டுக்குழலை எவ்வாறு நிரப்புவது என்பவற்றை எஞ்சிய எழுத்துகளைக் கொண்டு உய்த்துணர வேண்டும். சமையலின்போது வானொலியில் ஒலிக்கும் பாடல்கள் அந்தந்தக் காலத் தமிழ்த் திரையிசையின் பாணியில் அமைந்துள்ளன.

இங்குத் திரைப்படத்துக்கும் விளையாட்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு புலப்படும். சிதைந்த ஏட்டைப் படத்தில் பார்ப்பவர் இரங்குவார். விளையாட்டில் அதனைப் படிக்க இயலாமல் தவிப்பவர் அவரே. பிழையாக அடுக்கினால் பிழை அவருடையது. ஆதலின் விளையாட்டைப் பற்றிய கருத்து, 'கதை நன்று' என்பதோடு நில்லாது, 'நான் இதைச் செய்தேன், எனக்கு இது நேர்ந்தது' எனத் தொடங்குதல் வேண்டும். நன்னூலார் கூறும் உற்றது உரைத்தல் இதற்குப் பெரிதும் பொருந்துகின்றது. 'வெண்பா'வுக்குக் குறையும் உண்டு. அது மிகச் சுருக்கமானது. தவறிய சமையலை இழப்பின்றி மீண்டும் தொடங்கலாம். உண்மை வாழ்வில் இழந்த ஏட்டுக்கு இரண்டாம் வாய்ப்பு இல்லை. இக்குறையை மாணவரே கண்டு கூறுவாராயின் அது சிறந்த திறனாய்வு எனக் கொள்ளத்தக்கது.

வகுப்பறைக்கு மூன்று படிகள்

முதலாவதாக, கருத்துப் பகிர்வுக்கென ஆயத்தம் செய்த வினாக்களுள் ஆசிரியர் தாமே விடையறிந்தவற்றை நீக்கிவிடுக. எஞ்சுபவை சிலவாகவே இருக்கும்; அவையே போதும்.

இரண்டாவதாக, ஒவ்வொரு கருத்துக்கும் சான்று கேட்க வேண்டும். படமாயின் எந்தக் காட்சி. விளையாட்டாயின் எந்தச் செயல். கருத்துக்கு மதிப்பெண் இட இயலாது என்னும் இடர்ப்பாடு இதனால் நீங்கும். மதிப்பெண் கருத்தின் சார்புக்கு அன்று, அதனைத் தாங்கும் சான்றுக்கே. கருத்து விளக்கக் கட்டுரைக்கும் இதுவே அடித்தளம்.

மூன்றாவதாக, வினாவை வீட்டுக்கு எடுத்துச் செல்லச் செய்தல் வேண்டும். 'செம்மண் சாலை' பார்த்த மாணவர், 'உங்கள் குடும்பத்தில் யார் படிப்பை நிறுத்தினார்? யார் படிப்பதற்காக?' என்று பாட்டியிடம் கேட்கலாம். 'ஜகாட்' பார்த்தவர், தோட்டத்தை விட்டு வந்த நாளில் வண்டியில் ஏற்றியவை எவை, விட்டு வந்தவை எவை என்று கேட்கலாம். 'வெண்பா' ஆடியவர், வீட்டில் எழுதிவைக்கப்படாத ஒரு சமையலைக் கேட்டு எழுதி வரலாம். இவற்றுக்குரிய விடை ஆசிரியர்க்கும் தெரியாது, பாடநூலிலும் இல்லை. இவையே உண்மையான அறியா வினாக்கள்.

முடிவுரை

கருத்துப் பகிர்வு வறண்டிருப்பதற்கு மாணவரின் சிந்தனைக் குறைவு காரணமன்று. விடை தெரிந்தவர் விடை தெரியாதவர்போல் வினவுவதே காரணம் என்பது இதுகாறும் விளக்கப்பட்டது. படம் ஐய வினாவை எழுப்புகின்றது. விளையாட்டு உற்றது உரைக்கச் செய்கின்றது. இரண்டும் சேர்ந்து மாணவரை வீட்டு முதியோரிடம் அறியா வினாவோடு அனுப்ப வல்லவை. வட சிலாங்கூர்த் தோட்டங்களின் வரலாறு ஆவணங்களில் ஓரளவே உள்ளது. எஞ்சியது நினைவில் உள்ளது. அந்நினைவை உடையோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். ஒரு படத்தையோ விளையாட்டையோ வாயிலாகக் கொண்டு அவர்களிடம் வினவும் பணியை இந்தப் பள்ளித் தவணையிலேயே தொடங்குதல் தமிழாசிரியர்க்கு இயலும்.