பழைய கார், மங்கிய ஹெட்லைட்: பொறுப்பு யாருடையது?

ஹெட்லைட் சரியில்லாத வண்டியை ராத்திரியில் ஓட்டி விபத்து நடந்துவிட்டால், "நேற்றுதான் ஷெட்டில் விட்டு எடுத்தேன்" என்ற பதில் மட்டும் யாரையும் காப்பாற்றாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவு, வண்டியில் ஆபத்தான குறை இருப்பது தெரிந்தே ஓட்டியவரை மட்டும் குற்றவாளி ஆக்கவில்லை. சாதாரணக் கவனம் செலுத்தியிருந்தால் கண்டுபிடித்திருக்கக்கூடிய குறையைக் கவனிக்காமல் ஓட்டியவரையும் அதே பிரிவில்தான் நிறுத்துகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்கான அபராதம் 1,500 ரூபாய். அந்தக் குறையால் யாருக்காவது காயமோ சொத்துச் சேதமோ ஏற்பட்டால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

பூந்தமல்லி பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம். நசரத்பேட்டை, திருமழிசை தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் ராத்திரியில் போனால் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவேதான் ஓட்டியாக வேண்டும். வேடிக்கை என்னவென்றால், வண்டி விளக்குக்கும் வொயரிங்குக்கும் பேர்போன வட்டாரம் இது. 1961-இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் பாடியில் இருக்கிறது. திருவள்ளூர் நெடுஞ்சாலையில் புதுச்சத்திரத்தில் ஹெட்லைட் தயாரிக்கும் தொழிற்சாலையே இருக்கிறது. ஆனாலும் இங்கே ஓடும் பழைய அம்பாசடர், பத்மினி, வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு பலவற்றில் ஹெட்லைட் மஞ்சளாக மினுங்குகிறதே தவிர ரோடு தெரிவதில்லை. மத்திய மோட்டார் வாகன விதி 105-இன்படி, 155 மீட்டர் தூரத்தில் இருக்கும் ஆளும் வண்டியும் தெளிவாகத் தெரிகிற அளவுக்கு வெளிச்சம் இருக்க வேண்டும்.

இந்தக் கார்கள் பலவற்றில் கம்பெனியில் இருந்து வரும்போதே ஹெட்லைட்டுக்கு ரிலே கிடையாது. பேட்டரியில் இருந்து வரும் முழு கரண்டும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகவும், டிம் சுவிட்ச் வழியாகவும், நாற்பது ஐம்பது வருஷப் பழைய வொயர் வழியாகவும் சுற்றித்தான் பல்புக்குப் போகும். இரண்டு 60 வாட்ஸ் ஹாலஜன் பல்புக்கு 12 வோல்டில் 10 ஆம்பியர் வேண்டும். வழியில் ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக வோல்டேஜ் சாகும். வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைந்துவிடும். பல்பின் இயல்பு அப்படி.

அதனால்தான் எலக்ட்ரீஷியன்கள் வெளியிலிருந்து ரிலே போட்டுக் கொடுக்கிறார்கள். சுவிட்ச் சின்ன கரண்டை மட்டும் ரிலேவுக்கு அனுப்பும். அதில் உள்ளே இருக்கும் காயில் காந்தமாகித் தொடுமுனையை இழுக்க, பேட்டரியில் இருந்து நேராக வரும் தடித்த வொயர் பல்பை எரிய வைக்கும். நல்ல யோசனைதான். கெடுவது வேலைத்தரத்தில். பேட்டரி பக்கம் ஃபியூஸ் போடாமல் வொயரை இழுப்பது, கறுப்பு டேப் சுற்றி முடிப்பது, எர்த்தைப் பெயின்ட் மேலேயே முறுக்குவது. ஃபியூஸ் இல்லாத வொயர் பாடியில் உரசி ஷார்ட் ஆனால் பேட்டரி அதன் முழு பலத்தையும் அதில் கொட்டும். பானெட்டுக்குள் தீப்பிடிக்க அது போதும்.

இன்னொரு கூத்து 100 வாட்ஸ் பல்பு. "வெளிச்சம் பத்தலைன்னா பெருசு போட்டுருவோம்ணே" என்பார்கள். வொயரும் ஹோல்டரும் அதற்காக அமைந்தவை அல்ல. பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிப்போன பிறகுதான் தெரியும். எதிரே வருகிறவர் கண்ணைக் கூசச்செய்யும் விளக்கை விதி 106 தடுக்கிறது. அனுமதியில்லாத மாற்றத்தை வண்டியில் செய்கிற உரிமையாளருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மாட்டியவர் மெக்கானிக், மாட்டிக்கொள்பவர் உரிமையாளர்.

கரண்ட் ரிலே போலவே காற்றில் இயங்கும் ரிலேவும் உண்டு. அமெரிக்காவில் 1968 முதல் 1982 வரை வந்த செவர்லே கார்வெட்டில் ஹெட்லைட் பானெட்டுக்குள் படுத்திருக்கும். விளக்கு போட்டால் எழுந்து நிற்கும். தூக்கிவிடுவது மோட்டார் இல்லை. இன்ஜின் உறிஞ்சும் வேக்குவம். இன்ஜினில் இருந்து ஹோஸ் ஒரு டேங்குக்குப் போகிறது. நடுவில் ஒருவழி வால்வு. ஒவ்வொரு ஹெட்லைட்டுக்கும் ஒரு வேக்குவம் ரிலே, வேக்குவத்தை எந்தப் பக்கம் அனுப்புவது என்று தீர்மானிக்கும். உள்ளே இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் வெடித்தால் ஒரு கண் திறந்து ஒரு கண் மூடியபடி நிற்கும், அல்லது பல்பு எரிந்தும் மூடி எழாமல் ரோடு இருட்டாகவே இருக்கும். கையால் இயக்கும் ஒரு மாற்று ஏற்பாட்டையும் கம்பெனி டிரைவர் பக்கம் வைத்திருந்தது.

அந்தக் கார் நம் ஊரில் அபூர்வம். ஆனால் அதே ரப்பர் டயாஃப்ரம் நம் கார்களிலும் இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள வேக்குவம் அட்வான்ஸ், பல கார்களின் பிரேக் பூஸ்டர் எல்லாம் இன்ஜின் வேக்குவத்தையே நம்பியவை. ஹோஸ் எங்காவது வெடித்திருந்தால் இன்ஜின் ஐடிலில் நடுங்கும். பூஸ்டர் பக்கம் கசிந்தால் பிரேக் பெடல் கல்லாகிவிடும்.

பழுது பார்ப்பது எப்படி என்பதில்தான் நல்ல மெக்கானிக்கும் மற்றவரும் பிரிகிறார்கள். வேக்குவம் பாகமென்றால் கேஜ் வைத்த ஒரு கைப்பம்பு போதும். ஹோஸில் மாட்டி 15 அங்குல பாதரச அளவு வரை இழுத்துவிட்டு முள்ளைப் பார்க்க வேண்டும். அசையாமல் நின்றால் டயாஃப்ரம் நன்றாக இருக்கிறது. மெல்ல இறங்கினால் கசிகிறது. பம்பு இல்லாத பழைய மெக்கானிக்குகள் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பார்ப்பார்கள். நாக்கு ஒட்டிக்கொண்டு நின்றால் நல்லது. குத்துமதிப்பான முறைதான், ஆனாலும் பார்க்காமலே மாற்றுவதைவிட மேல். கரண்ட் ரிலே என்றால் இன்ஜின் ஓடும்போது ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு பேட்டரியில் ஒரு தடவை, பல்பு ஹோல்டரில் ஒரு தடவை மீட்டர் வைக்க வேண்டும். அரை வோல்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வழியில் எங்கோ தின்கிறது. அது ரிலேவாக இருக்கலாம், எர்த்தாகவும் இருக்கலாம். ரிலேவை மாற்றிப் பார்ப்பது சுலபம் என்பதாலேயே எல்லாப் பழியும் அதன் மேல் விழுகிறது.

ஆகவே "ரிலே போயிருச்சுண்ணே" என்று கேட்டவுடன் பணம் எடுக்காதீர்கள். எத்தனை வோல்டு காட்டியது என்று கேளுங்கள். கழற்றிய பழைய ரிலேவைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு மறுபடி அளந்து, இரண்டு எண்களையும் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள்.

பில் கேட்டால் சில ஷெட்களில் முகம் மாறும். பில் தருவது அவர்கள் செய்கிற உபகாரம் அல்ல. செய்த சேவைக்கு பில் தராமல் இருப்பதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 2(47) பிரிவின்படி முறையற்ற வணிக நடைமுறை. புதுப்பேட்டையில் பழைய பாகம் வாங்கும்போது யாரும் பில் எதிர்பார்ப்பதில்லை என்பது உண்மைதான். அதே பாகத்தை மெக்கானிக் வாங்கி உங்கள் காரில் மாட்டினால், அது பழசு என்று பில்லில் எழுதியிருக்க வேண்டும். புது ரிலே விலை வாங்கிவிட்டுப் பழசைப் போடுவது வேறு கதை.

அந்தத் தாள் நீதிமன்றத்திலும் பேசும். மினு பி. மேத்தா வழக்கில் 1977-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: வண்டியின் கோளாறால்தான் விபத்து என்று உரிமையாளர் சொன்னால், உரிய கவனம் எல்லாம் எடுத்தும் அந்தக் கோளாறு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருந்தது என்பதை அவரே நிரூபிக்க வேண்டும். ஷெட்டுக்கு வாயால் சொல்லிவிட்டு வந்தவரால் இதை நிரூபிக்க முடியாது. தேதியும் அளவும் எழுதிய பில் வைத்திருப்பவருக்குக் காட்ட ஏதோ ஒன்று கையில் இருக்கிறது.

இன்ஷூரன்ஸிலும் இதே கதை. நம் நாட்டு மோட்டார் பாலிசிகளில் வண்டியை நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. சொந்த வண்டிச் சேதத்துக்கு க்ளெய்ம் போடும்போது கம்பெனி அதைக் கையில் எடுக்கலாம். மறுத்தால் ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். மூன்றாம் நபருக்கான இழப்பீட்டை இந்தக் காரணம் சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. அங்கே கம்பெனிக்கு உள்ள தற்காப்புகள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-வது பிரிவில் எண்ணி வைக்கப்பட்டவை. ஆனால் வருஷத்துக்கு நாலு தடவை மட்டும் வெளியே எடுக்கிற காருக்கு இன்ஷூரன்ஸ் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் இழப்பீடு முழுக்க உங்கள் பையில் இருந்துதான்.

50 ஆண்டு தாண்டி, மாற்றமில்லாமல் பாதுகாக்கப்பட்ட கார் என்றால் 2021 ஜூலை அறிவிக்கையின்படி விண்டேஜ் பதிவு வாங்கலாம். எண்ணில் "விஏ" என்று வரும், பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். அப்படிப் பதிந்த காரை அன்றாடப் பயணத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக்கூடாது. சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்த கார் அந்தப் பதிவை எதிர்பார்க்க முடியாது.

வேலை சரியில்லை என்றால் என்ன செய்வது? முதலில் செய்யக்கூடாத ஒன்று: பணம் தராமல் சாவியைப் பிடுங்கிக்கொண்டு வருவது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவு, தன் உழைப்பைச் செலுத்தியவர் கூலி வரும்வரை அந்தப் பொருளை நிறுத்தி வைக்கலாம் என்கிறது. அது மெக்கானிக்கின் உரிமை, நியாயமானதும்கூட. அதே பிரிவு, ஒப்புக்கொண்ட வேலையை ஒப்புக்கொண்டபடி செய்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. தகராறு என்றால் "எதிர்ப்புடன் செலுத்துகிறேன்" என்று பில்லில் எழுதிப் பணம் கட்டி வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஷெட்டில் இருக்கும்போது வண்டிக்குச் சேதம் வந்தால், 151-வது பிரிவின்படி சாதாரண அறிவுள்ளவர் தன் சொந்தப் பொருளைக் காக்கும் அளவுக்குக் கவனமாக இருந்தாரா என்பதற்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

வெளியே வந்ததும் இன்னொரு எலக்ட்ரீஷியனிடம் காட்டி, என்ன குறை என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். அவர் எதையும் கழற்றும் முன்பே வொயரிங்கைப் படம் எடுத்துவிடுங்கள். கழற்றிய பிறகு எடுத்த படத்துக்கு மதிப்பில்லை. பிறகு பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ். வாட்ஸ்அப்பில் பேசியவற்றையும் அழிக்காதீர்கள். பதில் இல்லையென்றால் 1915-ஐ அழைத்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதியலாம். பல தகராறுகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் ஆணையம். பூந்தமல்லி திருவள்ளூர் மாவட்டத்தில் இருப்பதால் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போக வேண்டும். ஷெட் சென்னைக்குள் இருந்தாலும் கவலையில்லை. 2019 சட்டம் புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போட அனுமதிக்கிறது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டில் இருந்தே மனு போடலாம்.

ஒரு கணக்கை மட்டும் மறக்க வேண்டாம். குறை எழுந்த நாளில் இருந்து 2 ஆண்டுக்குள் மனு போட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு போனால் தாமதத்துக்குக் காரணம் சொல்லி ஆணையத்தை நம்பவைக்க வேண்டியிருக்கும். "அடுத்த வாரம் வாங்கண்ணே, பார்த்துடலாம்" என்று மெக்கானிக் சொல்லிச் சொல்லிக் கடத்தும் ஒவ்வொரு வாரமும் அந்த 2 ஆண்டில் இருந்துதான் கழிகிறது.