கட்டுமரத்துக்கு எந்தக் கயிறு?

மலைமேல் இருக்கிற தலைச்சோலைக்காரனுக்குக் கடல் சமாச்சாரம் எதுக்கு என்று சிரிக்காதீர்கள். ஏற்காடு ஏரியில் பெடல் போட் மிதித்ததோடு சரி, நானும் கடலில் போனதில்லை. ஆனால் உலகமெல்லாம் 'கேட்டமரான்' என்று சொல்வது நம்ம கட்டுமரத்தைத்தான். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி 1697இல் வந்த தன் பயணப் புத்தகத்திலேயே இந்தப் பெயரை எழுதியிருக்கிறார்.

கட்டுமரத்தில் கயிறுதான் எல்லாம். கயிறு விட்டால் கட்டைகள் தனித்தனி, ஆள் தண்ணீரில்! அந்தக் காலத்தில் தேங்காய்நார்க் கயிற்றால் வரிந்து கட்டுவார்கள். கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் கட்டைகளைக் காயப்போடுவார்கள். தேங்காய்நாரில் லிக்னின் என்ற பொருள் அதிகம். அதனால் உப்புத் தண்ணீரில் சீக்கிரம் மக்காது. சணலும் பருத்தியும் அப்படி இல்லை. (2004 சுனாமிக்குப் பிறகு பைபர் படகுகள் நிறைய வந்து, கட்டுமரம் குறைந்துவிட்டது.)

இப்போது பந்தயத்தில் ஓடும் சின்ன கேட்டமரானில் இரண்டு ஒல்லிப் படகுகள், நடுவில் ஒரு வலை அல்லது துணி. அதற்கு டிராம்போலின் என்று பெயர். நம்ம வீட்டுக் கயிற்றுக் கட்டில் மாதிரிதான். ஓட்டுகிறவர்கள் அதன்மேல்தான் உட்காருவார்கள். அதன் ஓரத்து வளையங்களில் ஷூ லேஸ் போலக் கயிறு கோர்த்து இழுத்துக் கட்டுவார்கள். தொய்ந்துபோனால் அலை வந்து அடியில் இடிக்கும், படகு வேகம் குறையும். காற்று திரும்பும்போது ஆள் சட்டென்று அந்தப் பக்கம் தாவவும் முடியாது.

அப்படியானால் நைலான் போடலாமே? கூடாது! நைலான் பலசாலிதான், ஆனால் இழுத்தால் நீளும். நங்கூரக் கயிற்றுக்கு அந்த நீட்சி நல்லது, வெடுக்கென்று இழுபடாது. இங்கே அதுவே கெடுதல். போதாததற்குத் தண்ணீரைக் குடித்து, நனைந்தால் பலமும் கொஞ்சம் குறையும். சந்தேகம் இருந்தால் ஒரே கனமுள்ள நைலான், பாலியஸ்டர் கயிறுகளில் ஒவ்வொரு மீட்டர் எடுத்து, தண்ணீர் நிறைந்த வாளியைத் தொங்கவிட்டு ஸ்கேலால் அளந்து பாருங்கள். நான் எங்கள் மாட்டுக்கொட்டகை விட்டத்தில் கட்டிப் பார்த்தேன். நைலான்தான் கூடுதலாக நீண்டது. நனைத்ததும் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

துணி காயப்போடும் பிளாஸ்டிக் கயிறு, அதாவது பாலிப்ரொப்பிலீன், மலிவு. தண்ணீரில் மிதக்கும். ஆனால் வெயிலில் கிடந்தால் தூள் தூளாக உதிர்வதை எல்லோர் வீட்டுக் கொடியிலும் பார்த்திருப்பீர்கள். டைனீமா என்று ஒன்று உண்டு. அதே எடை இரும்புக் கம்பியைவிடப் பலம், நீளவே நீளாது என்று சொல்லலாம். விலைதான் அதிகம். வழுக்கும், சாதாரண முடிச்சு நழுவிவிடும். பந்தயக்காரர்களுக்கு அது சரி.

என்னைக் கேட்டால் சின்னப் படகுக்குப் பாலியஸ்டர்தான். நம்ம டெரிகாட்டன் சட்டையில் இருக்கிற அதே சரக்கு! நனைந்தாலும் பலம் குறையாது, குறைவாகவே நீளும், வெயிலையும் தாங்கும். நான்கைந்து மில்லிமீட்டர் கனம் போதும். அதைவிடத் தடித்தால் வளையத்தில் இழுக்க வராது.

எல்லாப் பக்கத்தையும் ஒரே கயிற்றால் கட்டாமல் பக்கத்துக்கு ஒன்றாகக் கட்ட வேண்டும். ஒன்று அறுந்தாலும் மற்றவை ஆளைத் தாங்கும். புதுக் கயிறு முதல் நாள் ஓட்டத்தில் கொஞ்சம் இளகும், மறுபடி இழுத்துக் கட்டணும். தேய்மானம் பெரும்பாலும் வளையத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும். கயிற்றை ஒரு இஞ்ச் நகர்த்திப் பார்த்தால்தான் தெரியும்.