மலையேறும் ரயிலில் ஒரு பகல்

மயிலாப்பூர்வாசிகளுக்குச் சமீபத்திலுள்ள மலை பரங்கிமலைதான். அதை மலை என்று சொல்வதும் உபசாரத்துக்காகத்தான். ஆனால், மாலையில் திருமயிலையில் பறக்கும் ரயிலேறிப் பார்க் டவுனில் இறங்கி, எதிரேயுள்ள சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்துப் படுத்துவிட்டால், ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம் தூக்கத்திலேயே கழிந்து, விடியற்காலையில் மேட்டுப்பாளையத்தில் கண் விழிக்கலாம். அங்கே காத்திருக்கும் சின்ன ரயிலோ, உதகமண்டலம் வரையுள்ள 46 கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. பஸ்ஸில் இதில் பாதி நேரம்கூட ஆகாதே என்று கணக்குப் பார்ப்பவர்கள் பஸ்ஸிலேயே போவது உத்தமம். உதகைக்குப் போவது வேறு. மலை ரயிலில் போவது வேறு.

இந்தப் பாதையைப் போட வேண்டுமென்ற யோசனை 1854-லேயே எழுந்தது. திட்டங்கள் எழுதப்படுவதும் கைவிடப்படுவதுமாகக் காலம் கழிந்து, 1899-இல் குன்னூர் வரையிலும், 1908-இல் உதகை வரையிலும் ரயில் வந்து சேர்ந்தது. 2005-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரித்தது.

கல்லாறு வரையில் வண்டி பாக்குத் தோப்புகளினூடே சாதாரண ரயிலைப் போலத்தான் ஓடுகிறது. விசேஷம் அதற்குப் பிறகுதான். பன்னிரண்டு அடி முன்னேறினால் ஓரடி உயருகின்ற அந்த ஏற்றத்தில், இரும்புத் தண்டவாளத்தின்மீது இரும்புச் சக்கரம் பிடிப்பில்லாமல் வழுக்கிவிடும். இதற்கு ரோமன் ஆப்ட் என்ற ஸ்விட்சர்லாந்து எஞ்சினீயர் கண்ட உபாயம் மிகவும் சாமர்த்தியமானது. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே, ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றொன்றின் பள்ளம் அமையும்படி இரு பற்சட்டங்களைப் பதித்து, எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரங்கள் அவற்றைக் கவ்விக்கொண்டே ஏறும்படி செய்தார். ஒரு பல் விடுபடும்போது மற்றொரு பல் பிடித்துக்கொண்டிருப்பதால், பிடி ஒரு கணமும் தளர்வதில்லை. ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரிலிருந்து வந்த நீராவி எஞ்சின்களில் இன்னொரு சிக்கனமும் உண்டு: ஓடும் சக்கரங்களைத் தள்ளிவிட்டு வெளியேறும் நீராவியே, ஏற்றம் வந்ததும், பற்சக்கரங்களைச் சுழற்றும் உருளைகளுக்குள் புகுந்து மறுபடியும் உழைக்கிறது.

ஏறும்போது எஞ்சின் வண்டியை இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. ஆகையால் முதற்பெட்டியில் இடம் கிடைத்த பாக்கியசாலிக்கு எதிரே புகையுமில்லை, மறைப்புமில்லை. வளைந்து மேலேறும் பாதையும் அதற்கப்பால் ஆகாயமும்தான். பெட்டிகளின் முகப்பில் நிற்கும் பிரேக்காரர்கள், எஞ்சின் கொடுக்கும் சமிக்ஞைக்கேற்பப் பிரேக்கைத் திருகுகிறார்கள். 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குகைகள் என்று புள்ளிவிவரம் சொல்வது எளிது. குகையிருளில் குழந்தைகளோடு பெரியவர்களும் சேர்ந்து கூச்சலிடும் உற்சாகம் எந்தப் புள்ளிவிவரத்தில் அடங்கும்? ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நிற்கையில், பிரயாணிகள் இறங்கிக் காப்பி குடிக்கிறார்கள். குரங்குகள் அவர்கள் கையிலுள்ள தின்பண்டத்தைக் குறிபார்க்கின்றன.

குன்னூரோடு பற்சட்டம் முடிகிறது; அதற்குமேல் டீசல் எஞ்சின் இழுத்துச் செல்கிறது. காடு விலகித் தேயிலைத் தோட்டங்கள் வருகின்றன. கேத்தி நிலையத்தைக் கண்டதும் நடுவயதுக்காரர்கள் ஜன்னலை நோக்கிப் பாய்வதற்குக் காரணம் பள்ளத்தாக்கின் ரம்மியம் மட்டுமன்று. ‘மூன்றாம் பிறை’யின் இறுதிக் காட்சி படமானது அங்கேதான்.

உதகையில், திரும்பும் வண்டிக்கு முன் வழக்கமாக இரண்டு மணி நேரம்போலத்தான் கிடைக்கும். அதற்குள் ஏரியையும் தாவரவியல் பூங்காவையும் சுற்றிவர ஓடுவது என் அபிப்பிராயத்தில் வீண். நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு அதே ரயிலில் இறங்கி வந்தால், மேட்டுப்பாளையத்தில் இரவு எக்ஸ்பிரஸ் மறுபடியும் சென்னைக்கு ஏற்றிக்கொள்ளும். பெட்டிகள் சொற்பமாகையால் டிக்கெட்டை வெகு முன்னதாகவே பதிவு செய்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து பாதை அடைபடுவது அடிக்கடி நிகழ்வதால், அந்த மாதங்கள் உசிதமல்ல. பங்குனியில் அறுபத்துமூவர் உற்சவத்தை விட்டுவிட்டு எந்த மயிலாப்பூர்க்காரர் வெளியூர் கிளம்புவார்? தை, மாசிதான் தோது. கம்பளிச் சட்டையை மறக்கக் கூடாது.