குன்று தடுக்காத இரைச்சல்

காற்றாலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு குன்று நின்றால் இரைச்சல் அடங்கிவிடும் என்றுதான் எவருக்கும் தோன்றும். பிரிட்டனின் ஒலியியல் கழகம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டி வேறு கணக்குச் சொல்கிறது. குன்று மறைத்தால், கணக்கிட்ட இரைச்சலிலிருந்து அதிகபட்சம் 2 டெசிபல்தான் கழிக்கலாம். அதுவும் சுழலும் இறக்கையின் உச்சி நுனிகூட வீட்டிலிருந்து தெரியாமல் இருந்தால் மட்டுமே! நடுவில் ஆழமான பள்ளத்தாக்கு குறுக்கிட்டாலோ, 3 டெசிபல் கூட்ட வேண்டும். 3 டெசிபல் கூடுவது என்றால் ஒலியாற்றல் இரு மடங்காவது. பத்துக் காற்றாலைகள் இருபதானதற்குச் சமம்.

வெற்றுப் பள்ளம் ஒலியைக் கூட்டுவது எப்படி?

ஒலி பிறப்பது இறக்கையில். பெரிய காற்றாலையின் இறக்கை நுனி மணிக்கு ஏறக்குறைய 290 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றும். 160 கிலோமீட்டரில் பாயும் ரயிலை அது எளிதாகப் பின்தள்ளிவிடும். இறக்கையின் பின்விளிம்பை விட்டு விலகும் காற்று சுழித்துக் கலைகிறது. நாம் கேட்கும் 'விசுக், விசுக்' அதுதான்.

சமவெளியில் இந்த ஒலி இரண்டு வழியாக நம்மை அடைகிறது. ஒன்று நேராக வருகிறது. மற்றொன்று தரையில் பட்டுத் தெறித்து வருகிறது. புல்லும் மென்மண்ணும் உள்ள நிலத்தை உரசியபடி வரும்போது இரண்டும் ஒன்றையொன்று ஓரளவு அழித்துக்கொள்கின்றன. மண் சத்தமில்லாமல் செய்யும் உதவி இது. பள்ளத்தாக்கில் ஒலி தரைக்கு வெகு உயரத்தில் கடப்பதால் அந்த உதவி கிடைப்பதில்லை. போதாததற்கு, குழிந்த சரிவுகள் பல இடங்களிலிருந்து ஒலியை ஒரே வீட்டை நோக்கித் திருப்பிவிடலாம்.

இரவில் இன்னொரு விந்தை சேர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து பள்ளத்தாக்கில் தேங்குகிறது. மேலே வெதுவெதுப்பான காற்று நிற்கிறது. வழக்கத்துக்கு மாறாக, உயரப் போகப்போக வெப்பம் கூடும் இந்நிலைக்கு வெப்பத் தலைகீழ்வு என்று பெயர். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் ஒலி வினாடிக்கு சுமார் 0.6 மீட்டர் விரைவாகும். அற்ப வித்தியாசம்தான். ஆனாலும் ஒலியலையின் மேற்பகுதி முந்த, கீழ்ப்பகுதி பிந்த, அலை முழுவதும் மெல்லத் தரைப்பக்கம் வளைகிறது. காற்று வீசும் திசையிலும் இதே கதைதான்: உயரத்தில் காற்று வேகமாக வீசுவதால் ஒலி கீழே வளையும். குன்றைத் தாண்டிக் குதித்து அப்பால் இறங்குவதற்கு இந்த வளைவு போதும். தடுப்பாக நிற்கும் குன்றுக்கு வெறும் 2 டெசிபல் மதிப்பு கிடைப்பது ஏன் என்பது இப்போது விளங்கும்.

மலைமுகட்டில் காற்று சீறும்போதும் கீழே ஓர் இலைகூட அசையாமல் இருக்கலாம். சமவெளியிலே மரங்களின் சலசலப்பு காற்றாலை ஒலியை மூடிவிடும். பள்ளத்தாக்கில் அந்தப் போர்வை இல்லை. சிறு ஒலியும் காதில் விழும்.

ஆகவே மலைப்பகுதியில் காற்றாலை வைக்குமுன், பகல் நேரத்து அளவையும் வரைபடத் தூரத்தையும் மட்டும் நம்பக் கூடாது. பள்ளத்தாக்கு வீடுகளின் முற்றத்தில், இரவில், ஒலிமானியை வைத்துச் சுற்றுப்புற ஒலியை அளந்து பார்க்க வேண்டும்.