பெண்கள் கைப்பந்தில் வலை ஏன் 19 சென்டிமீட்டர் தாழ்வு?

பெரியவர்களுக்கான கைப்பந்து ஆட்டத்தில், ஆண்களுக்கு வலையின் உயரம் 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். செப்பாக் தக்ராவில் வலையின் நடுப்பகுதி ஆண்களுக்கு 1.52 மீட்டர், பெண்களுக்கு 1.42 மீட்டர். கபடியில் ஆண்கள் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. பெண்கள் களம் 12 மீட்டருக்கு 8 மீட்டர். கூடைப்பந்தில் பெண்களின் பந்து சற்றுச் சிறியது, ஆனால் வளையத்தின் உயரம் மாறுவதில்லை. காற்பந்திலும் ஹாக்கியிலும் திடல், பந்து, கோல் கம்பம் எல்லாமே இருபாலருக்கும் ஒன்றுதான்.

ஏன் சில ஆட்டங்களில் மட்டும் அளவு மாறுகிறது? வகுப்பில் இதைக் கேட்டால், "பெண்களின் தசை பலவீனமானது, சார்" என்ற பதில் உடனே வரும். அந்தப் பதில் தவறு. ஆனால் வேறுபாடே இல்லை என்று சொல்வதும் தவறு. உண்மை எங்கே இருக்கிறது என்று பார்ப்போம்.

தரம் ஒன்று, அளவு வேறு

தசை என்பது ஆயிரக்கணக்கான மெல்லிய நார்கள் சேர்ந்த கட்டு. ஒரே இழையில் திரித்த இரண்டு கயிறுகளை நினைத்துப் பாருங்கள். தடித்த கயிறு அதிகப் பாரம் தாங்கும். அதனால் மெல்லிய கயிற்றின் இழை மட்டமானது என்று சொல்ல மாட்டோம். தசையும் அப்படியே. ஒரு சதுர சென்டிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள தசை தரும் விசை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறக்குறைய சமம். மாறுபடுவது தசையின் மொத்த அளவும், அது உடலில் எங்கே இருக்கிறது என்பதும்தான்.

2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, 468 பேரின் உடலைக் காந்த அதிர்வுப் படக் கருவியால் அளந்தது. ஆண்களுக்குச் சராசரியாக 33 கிலோ எலும்புத் தசை இருந்தது. பெண்களுக்கு 21 கிலோ. உடல் எடையில் பார்த்தால், ஆண்களுக்கு ஏறத்தாழ 38 விழுக்காடு, பெண்களுக்கு 31 விழுக்காடு. இடுப்புக்கு மேலே பெண்களின் தசை ஆண்களைவிட 40 விழுக்காடு குறைவு. இடுப்புக்குக் கீழே 33 விழுக்காடு குறைவு. அதாவது தோளிலும் கையிலும் இடைவெளி பெரியது, காலில் சிறியது.

எப்போது தொடங்குகிறது?

தொடக்கப்பள்ளி ஓட்டப்பந்தயத்தில் சிறுமிகள் சிறுவர்களை முந்துவது அதிசயமல்ல. பருவமடையும் முன் இருவரின் தசை வலிமையில் பெரிய இடைவெளி கிடையாது. பருவ வயதில்தான் பாதை பிரிகிறது. ஆணின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் பெருகி, வளர்ந்த பெண்ணின் அளவைப்போல் ஏறத்தாழ 15 மடங்கை எட்டுகிறது. தசையும் எலும்பும் பெருக்கின்றன. பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினும் கூடுகிறது. வளர்ந்த ஆண்களின் இரத்தத்தில் அது பெண்களைவிட ஏறத்தாழ 12 விழுக்காடு அதிகம்.

விளைவு எல்லாச் செயலிலும் ஒரே அளவில் இல்லை. 100 மீட்டர் ஓட்டத்தில் ஆண்களின் உலகச் சாதனை 9.58 விநாடி, பெண்களுடையது 10.49 விநாடி, இடைவெளி 10 விழுக்காட்டுக்கும் குறைவு. நீளம் தாண்டுதலில் 8.95 மீட்டரும் 7.52 மீட்டரும், ஆண்களின் தாண்டல் 19 விழுக்காடு கூடுதல். உடலை மேலே எழுப்பும் வேலையில் இடைவெளி விரிகிறது. கைப்பந்திலும் செப்பாக் தக்ராவிலும் வலையைத் தாண்டி எழும்ப வேண்டும். சராசரி உயரமும் எழும்பும் திறனும் மாறும்போது, வலையையும் இறக்கினால்தான் அடியும் தடுப்பும் சமநிலையில் இருக்கும். ஆட்டம் ஆட்டமாக இருக்கும்.

குழு ஆட்டம் ஒற்றை அளவுகோல் அல்ல

குழு விளையாட்டில் வெற்றி ஒரே ஒரு தாவலில் முடிவதில்லை. உயர்நிலைக் காற்பந்தில் ஒரு பெண் ஆட்டக்காரர் ஓர் ஆட்டத்தில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் ஓடுகிறார். ஆண்கள் ஓடுவது 10 முதல் 12 கிலோமீட்டர். மொத்தத் தூரத்தைவிட, அதிவேகமாக ஓடும் தூரத்தில்தான் இடைவெளி தெளிவாகத் தெரிகிறது. மறுபக்கம், மெதுவாகச் சுருங்கி நீண்ட நேரம் உழைக்கும் தசைநார்களின் பங்கு பெண்களிடம் சராசரியாக அதிகம். அதனால் நடுத்தர வேகத்தில் தொடர்ந்து செய்யும் பல வேலைகளில் பெண்களின் தசை மெதுவாகவே களைக்கிறது.

'சராசரி' என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். சராசரி ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்லும். தனி ஒருவரைப் பற்றிச் சொல்லாது. நம் பள்ளிகளில் பெண்கள் விரும்பி ஆடும் வலைப்பந்தையே எடுத்துக்கொள்வோம். இலங்கை அணிக்கு ஆடிய யாழ்ப்பாணத்துத் தமிழ்ப்பெண் தர்ஜினி சிவலிங்கத்தின் உயரம் 2.08 மீட்டர். 2018இல் சிங்கப்பூரில் நடந்த ஆசியப் போட்டியில் இலங்கை வெற்றியாளர் பட்டம் வென்றபோது, அணியின் கோல் தூண் அவர்தான். பெண்களின் சராசரி உயரம் எத்தனை என்ற புள்ளிவிவரம் அவரைத் தடுக்கவில்லை.

முழங்காலைக் காக்கும் 15 நிமிடம்

இனி, பயிற்றுநர்களும் பெற்றோரும் கவனிக்க வேண்டிய பகுதி. காற்பந்து, கூடைப்பந்து போல ஓடி, தாவி, சட்டெனத் திரும்பும் ஆட்டங்களில், முழங்காலின் நடுவே எலும்புகளைக் கட்டியிருக்கும் முன்நார் அறுந்துபோகும் காயம் பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகமாக ஏற்படுகிறது. தாவி இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாய்வதும், முன்தொடைத் தசையோடு ஒப்பிடுகையில் பின்தொடைத் தசை வலுவற்று இருப்பதும் இதற்கு முக்கியக் காரணங்கள். அந்த நார் அறுந்தால், மீண்டும் திடலுக்கு வர மாதக்கணக்கில் ஆகும். பலர் வருவதே இல்லை.

இதைப் பெருமளவு தடுக்க முடியும். சுவீடனில் 12 முதல் 17 வயதுவரையிலான 4,564 காற்பந்துச் சிறுமிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் வாரம் இரு முறை, 15 நிமிடம், ஆறு பயிற்சிகள் செய்தார்கள்: ஒற்றைக் காலில் முழங்கால் மடக்குதல், இரு காலில் மடக்குதல், இடுப்பு உயர்த்துதல், முழங்கையில் உடலைத் தாங்குதல், முன்னே அடிவைத்துத் தாழ்தல், தாவி இறங்குதல். கருவி எதுவும் தேவைப்படவில்லை. 2012இல் முடிவு வெளியானது: பயிற்சி செய்த பிரிவில் அந்த நார்க் காயம் 64 விழுக்காடு குறைந்திருந்தது.

ஆனால் பெண் பிள்ளைகளுக்கு வலிமைப் பயிற்சி என்றாலே, "ஆம்பளை மாதிரி உடம்பு முறுக்கேறிவிடும்" என்று வீட்டில் தயங்குகிறார்கள். டெஸ்டோஸ்டிரோன் குறைவாக உள்ள உடலில் தசை அவ்வளவு பருப்பதில்லை. வலிமை மட்டும் கூடும். ஒரே பயிற்சியைச் செய்தால், தொடங்கிய நிலையிலிருந்து பெண்கள் அடையும் முன்னேற்றம் விழுக்காட்டளவில் ஆண்களுக்குக் குறைந்ததல்ல.

சாப்பாட்டிலும் ஒரு கவனம் தேவை. மாதவிலக்கில் இரும்புச் சத்து வெளியேறுவதால், விளையாடும் பெண் பிள்ளைக்கு அது கூடுதலாகத் தேவை. ஈரல், இறைச்சி, பருப்பு, கீரை எல்லாம் உதவும். கூடவே கொய்யாவோ எலுமிச்சையோ சேர்ந்தால், பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடல் நன்றாக ஏற்கும். சாப்பாட்டோடு தே தாரிக் குடித்தால் அது தடைபடும். தேநீரை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கலாம்.

படிவம் 1, படிவம் 2இல் ஆர்வமாக ஆடிய மாணவிகளில் பலர் படிவம் 4க்குள் திடலை விட்டுப் போய்விடுகிறார்கள். "உன் உடம்பு இதற்கு ஏற்றதல்ல" என்ற சொல் அதில் பாதி வேலையைச் செய்கிறது. அறிவியல் அப்படிச் சொல்லவில்லை. ஒரே தரமான தசை, வேறு அளவில், வேறு இடங்களில் அமைந்திருக்கிறது என்றுதான் சொல்கிறது. 19 சென்டிமீட்டர் இறக்க வேண்டியது வலையைத்தான். பயிற்சியையும் எதிர்பார்ப்பையும் இறக்க வேண்டியதில்லை.

— அறிவியல் ஆசிரியர், ஆயர் ஈத்தாம், ஜொகூர்